பாவையை ஆட்டுபவர் யார்? ரவி வர்மா ஓவியங்களை நிழற்படத்தில் விளையாடிப் பார்த்தல்

ஆய்வுச் சுருக்கம்

புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் படைப்பைப் பொம்மை, வேடம், வரைதிரை முதலியவற்றால் மீள அமைத்து நிழற்படமாக்குவது இன்று பரவலாகக் காணப்படும் கலைமுறையாகும். அதனைப் போற்றுதல் எனக் கொள்வதா, பகடி எனக் கொள்வதா என்பதிலேயே திறனாய்வு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ராஜா ரவி வர்மாவின் ஓவியங்களை முன்வைத்துத் தென்னிந்தியாவில் நிகழ்ந்த இரண்டு நிழற்பட முயற்சிகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. பொம்மை, ஓவியம், பெண் ஆகிய மூன்றையும் குறிக்கும் ‘பாவை’ என்னும் தமிழ்ச் சொல்லின் வழியாக, இத்தகைய படங்களில் பாவையாக நிற்பவர் யார், அதனை ஆட்டுபவர் யார் என்னும் வினாவே முதன்மையானது என நிறுவ முயல்கிறது. ஜவ்வாது மலை போன்ற இடங்களில் களஆய்வு செய்வோர் எடுக்கும் நிழற்படங்களுக்கும் இவ்வினா பொருந்துவதை இறுதியில் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பாவை, ரவி வர்மா, நிழற்படம், விளையாட்டு, புஷ்பமாலா, இனவரைவியல், ஜவ்வாது மலை.

முன்னுரை

பொம்மையைக் கொண்டு படம் எடுப்பது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும், கடந்த அரை நூற்றாண்டில் அது தனக்கென ஓர் இடத்தைப் பெற்றுள்ளது. அமெரிக்க நிழற்படக் கலைஞர் டேவிட் லெவிந்தால் 1983 முதல் 1985 வரை உருவாக்கிய ‘மாடர்ன் ரொமான்ஸ்’ என்னும் வரிசை இதற்குத் தக்க சான்றாகும். விரலளவுப் பொம்மைகளைச் சிற்றறைகளிலும் தெருமுனைகளிலும் நிறுத்தி, உடனடிப் படம் தரும் போலராய்டு கருவியால் அவர் எடுத்த அப்படங்கள் எட்வர்ட் ஹாப்பரின் (1882–1967) ஓவியங்களை நினைவூட்டுவதாகத் திறனாய்வாளர் குறிப்பிடுவர். இரவு விளக்கொளியில் தனித்திருக்கும் மனிதரை ஹாப்பர் வரைந்தார். அத்தனிமையை முகமே சரிவரத் தெரியாத பொம்மைகள் தாங்குகின்றன. பொம்மை என்று அறிந்த பின்னும் பார்வையாளரின் இரக்கம் குறைவதில்லை. விளையாட்டுப் பொருளால் ஓர் ஓவியரின் உள்ளத்தைத் தொட இயலும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

தென்னிந்தியச் சூழலில் இத்தகைய விளையாட்டுக்கு மிகுதியும் இடமளித்த ஓவியர் ரவி வர்மா (1848–1906). இங்கே பொம்மையின் இடத்தில் பெரும்பாலும் உயிருள்ள பெண்ணே நிற்கிறாள். இவ்வேறுபாடு நிழற்படத் திறனாய்வைத் தமிழ் மரபின் சில பழைய கருத்துகளோடு இணைத்துப் பார்க்க வாய்ப்பளிக்கிறது.

பாவை: ஒரு சொல், மூன்று பொருள்

தமிழில் ‘பாவை’ என்னும் சொல் பொம்மையையும், வரைந்த அல்லது வடித்த உருவத்தையும், பெண்ணையும் குறிக்கும். கண்ணின் மணியும் பாவையே. காண்பவரின் சிற்றுருவம் எதிரில் நிற்பவரின் கண்மணியில் தெரிவதை நோக்கினால் இப்பொருள் விரிவு புலப்படும். பார்வை, உருவம், விளையாட்டுப் பொருள் ஆகிய மூன்றும் இச்சொல்லில் ஒன்றாகின்றன.

சங்க இலக்கியத்தில் பாவை இருவகையாகத் தோன்றுகிறது. ஒன்று கொல்லிப்பாவை. கொல்லிமலையில் தெய்வத்தால் அமைந்ததாகக் கருதப்பட்ட அவ்வுருவம் தலைவியின் அழகுக்கு உவமையாயிற்று. அதனைச் செய்தவர் மனிதரல்லர், ஆட்டுபவரும் எவருமிலர். தொலைவில் நின்று வியப்பதற்குரியது அது. மற்றொன்று வண்டற்பாவை. நெய்தல் நிலத்துச் சிறுமியர் ஈரமணலால் செய்து விளையாடுவது. அலை அதனை அழித்துச் செல்ல, சினங்கொண்டு மணலை வாரிக் கடலையே தூர்க்க முற்படும் பெண்ணை ஐங்குறுநூறு காட்டுகிறது. மணற்பாவை பொய் என்பதை அவள் அறிவாள். இழப்பு மட்டும் பொய்யாவதில்லை.

பெரும் ஓவியரின் படைப்பு காலப்போக்கில் கொல்லிப்பாவையாகி விடுகிறது. அதனை வணங்கலாம், உவமை கூறலாம், தொட இயலாது. விளையாட்டு நிழற்படம் அதனை வண்டற்பாவையாக்குகிறது. கைக்கெட்டும் பொருள்களால் மீளச் செய்து, அது குலையக்கூடியது என்பதையும் ஒப்புக்கொள்கிறது. இவ்விரு பாவைகளுக்கும் இடைப்பட்ட தொலைவே இக்கட்டுரை ஆராயும் களம்.

சிறிதாக்கிப் போற்றும் மரபு

பொம்மையாக்குதல் என்பது இழிவுபடுத்துதல் ஆகுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. தமிழிலக்கியம் இதற்கு முன்பே விடையளித்துள்ளது. பிள்ளைத்தமிழ் தெய்வத்தையும் அரசரையும் ஆசிரியரையும் குழந்தையாக்கிப் பாடுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என இறுதிப் பருவங்கள் மூன்றும் விளையாட்டாகவே அமைகின்றன. பெண்பாலில் அம்மானையும் ஊசலும் இடம்பெறுகின்றன. பாட்டுடைத் தலைவரின் பெருமையைக் குறைப்பது அதன் நோக்கமன்று. அளவைச் சுருக்குவதால் அணுக்கம் கூடுகிறது; அணுகியபின் பெருமை வேறொரு கோணத்தில் தெரிகிறது.

எனவே, ஓர் ஓவியத்தைப் பொம்மையாக்கியதாலேயே அது பகடியாயிற்று என்றோ, கவனத்துடன் மீள அமைத்ததாலேயே போற்றுதலாயிற்று என்றோ முடிவு கூறுதல் பொருந்தாது. பிள்ளைத்தமிழில் குழந்தையாக்கப்படுபவரைவிடத் தாயாகிப் பாடும் குரலே கவனத்துக்குரியது. அக்குரல் எங்கிருந்து வருகிறது என்பதே பாட்டின் தன்மையைத் தீர்மானிக்கிறது. நிழற்படத்திலும் அவ்வாறே.

உடுத்தப்பட்ட அச்சுப்படம்

ரவி வர்மாவின் ஓவியங்கள் பொம்மையாவதற்கு நிழற்படக் கலைஞர்களின் வருகைக்காகக் காத்திருக்கவில்லை. அவர் 1894இல் பம்பாயில் நிறுவிய கல்லச்சுக்கூடம் அவருடைய தெய்வ உருவங்களை வண்ண அச்சுப்படங்களாக்கி இல்லந்தோறும் கொண்டுசேர்த்தது. வாங்கியோர் அப்படங்களை அவ்வாறே மாட்டிவைத்ததோடு அமையவில்லை. திருமகளின் சேலைமேல் உண்மையான துணியை ஒட்டினர், சரிகை தைத்தனர், அணிகலன்களின் இடத்தில் மணியும் சமிக்கியும் பதித்தனர். செட்டிநாட்டு இல்லங்களில் இத்தகைய அலங்கரித்த அச்சுப்படங்கள் இருந்தமை கலை வரலாற்றாய்வாளர் அறிந்ததே.

இச்செயல் குழந்தை தன் பொம்மைக்கு ஆடை உடுத்துவதையும், கோயிலில் உற்சவருக்கு அலங்காரம் செய்வதையும் ஒருங்கே ஒத்தது. ஐரோப்பிய எண்ணெய் வண்ண உத்தி வரைந்த சேலையை உண்மைச் சேலைபோல் காட்டுவது. அந்த உண்மைத் தோற்றத்தின் மேலேயே உண்மைத் துணியை ஒட்டிய பெண்கள் ஓவியத்தின் மாயத்தைக் கலைத்தனரா, நிறைவு செய்தனரா எனப் பிரித்துக் கூறல் அரிது. நவராத்திரிக் கொலுவில் வெண்ணிற ஆடையுடன் வீணையேந்தி வீற்றிருக்கும் கலைமகள் பொம்மையும், தாமரைமேல் நிற்கும் திருமகள் பொம்மையும் பலவிடங்களில் இவ்வச்சுப்படங்களின் சாயலைக் கொண்டிருக்கின்றன. ஓவியம் அச்சாகி, அச்சு பொம்மையாகி, பொம்மை மீண்டும் கொலுப்படியில் காட்சியாகிறது.

ரவி வர்மாவின் உருவங்கள் நாடகமேடையின் நிலைக்காட்சியைப்போல் அமைந்தவை என்பதைக் கலை வரலாற்றாசிரியர் பலர் சுட்டியுள்ளனர். பெண்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றனர், ஒளி ஒரு பக்கத்திலிருந்து விழுகிறது, கதையின் ஒரு கணம் உறைந்து நிற்கிறது. இவ்வாறு ‘நிறுத்திவைக்கும்’ இயல்பே பிற்காலத்தவர் அவ்வுருவங்களை எளிதில் நடித்துப் பார்க்க வழிகோலியது.

புஷ்பமாலாவும் கிளேர் ஆர்னியும்: தையல் தெரியும் படம்

பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, நிழற்படக் கலைஞர் கிளேர் ஆர்னி ஆகிய இருவரும் 2000 முதல் 2004 வரை ‘நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா: மேனர்ஸ் அண்ட் கஸ்டம்ஸ்’ என்னும் படவரிசையை உருவாக்கினர். ‘தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்: அவர்தம் பழக்கவழக்கங்கள்’ எனப் பொருள்படும் அத்தலைப்பே காலனிய இனவரைவியல் நூல்களின் தலைப்புகளைப் போன்று அமைந்த கேலி. சிற்பக்கலை பயின்றவரான புஷ்பமாலா எல்லாப் படங்களிலும் தாமே வேடமேற்று நிற்கிறார்.

முதற்பகுதியான ‘நேட்டிவ் டைப்ஸ்’ பெண்ணுருவங்கள் பத்தினை மீள அமைக்கிறது. ரவி வர்மாவின் நிலவொளியில் அமர்ந்த பெண், குளத்திலிருந்து திரும்பும் பெண், திருமகள் ஆகியோர் அவற்றுள் அடங்குவர். அவர்களோடு வேளாங்கண்ணி மாதாவும், ஜெயலலிதா நடித்த திரைப்படக் காட்சியொன்றின் சாட்டை வீசும் பெண்ணும், நாளிதழில் வெளியான குற்றவாளிகளின் படமும், பத்தொன்பதாம் நூற்றாண்டு உடலளவைப் படத்தைப் பின்பற்றிய தோடர் பெண்ணும் வரிசையில் நிற்கின்றனர். வழிபாட்டுப் படம், ஓவியம், திரைப்படம், காவல்துறை, அறிவியல் எனப் பல வாயில்களின் வழியே வந்தவர்கள் இவர்கள். வரிசை இவர்களிடையே உயர்வு தாழ்வு கற்பிக்கவில்லை. அனைவரும் ‘வகை’களே. 1889ஆம் ஆண்டின் நிலவொளிப் பெண் கலைக்கூடத்தில் தனித்து நிற்கும்போது பேரழகியாகத் தோன்றுவாள். இவ்வரிசையில் அவளும் யாரோ ஒருவர் வகுத்த பெண்வகை என்பது வெளிப்படுகிறது.

இந்த இணைப்புக்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1893இல் சிகாகோவில் நிகழ்ந்த உலகக் கண்காட்சிக்கு ரவி வர்மா பத்து ஓவியங்களை அனுப்பிப் பரிசு பெற்றார். இந்தியாவின் பல்வேறு சமூகத்துப் பெண்களை அவரவர் உடையோடும் அணியோடும் அவை காட்டின. 1889இல் வரைந்த இசைக்கலைஞர் குழு ஓவியத்திலும் பல பகுதிகளைச் சார்ந்த பெண்கள் ஒருங்கே அமர்ந்துள்ளனர். சமூகங்களை உடையால் வகைப்படுத்தும் பார்வை அக்காலத்தில் ஓவியர், அரசு அலுவலர், அருங்காட்சியகத்தார் எனப் பலருக்கும் பொதுவாக இருந்தது. ஓவியர் அதனை அழகாக்கினார். அளவையாளர் அதனை எண்ணாக்கினார்.

புஷ்பமாலாவின் விளையாட்டு எங்கே கூர்மை பெறுகிறது என்பதையும் கருத வேண்டும். ஓவியத்தில் திருமகளுக்கு நான்கு கைகள் வரைவது எளிது; தூரிகைக்கு இரண்டும் நான்கும் ஒன்றே. உயிருள்ள பெண்ணை நிறுத்தி அதனை நிழற்படமாக்க முனைந்தால் கை, தாமரை, நீர்நிலை, யானை அனைத்தும் செய்பொருளாகிவிடும். மெய்போல் வரைந்த பொய்யை மெய்யான உடலால் மீள அமைக்கும்போது பொய் பொய்யாகவே தெரிகிறது. அத்தெரிதலை மறைக்காமல் விட்டதே இப்படங்களின் நேர்மை. படம் உருவாகும் வேலைகளைக் காட்டுவதற்கெனவே ‘ப்ராசஸ் சீரீஸ்’ என ஒரு தனிப் பகுதியும் உண்டு. ஆடையின் வெளிப்புறத்தை மட்டும் காட்டாது உட்புறத் தையலையும் விரித்துக் காட்டுவது போன்றது அது. தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னே சென்று பார்த்தவர் கூத்தை வெறுப்பதில்லை. பாவையின் மேல் மதிப்புக் கூடியே திரும்புவார்.

இவ்விடத்தில் பாவையும் ஆட்டுபவரும் ஒருவரே. உறைந்து நிற்கும் பெண்ணும், அவளை அவ்வாறு நிறுத்தத் தீர்மானித்தவரும் ஒரே உடலில் இருக்கின்றனர். ரவி வர்மாவின் பெண் தன் நிலையைத் தான் தேர்ந்ததில்லை. அதே நிலையைப் புஷ்பமாலா தேர்கிறார். படம் முடிந்ததும் எழுந்து செல்கிறார். அவர் ஓவியருக்குச் செலுத்தும் மரியாதையும் அவரிடம் கேட்கும் கேள்வியும் இந்த எழுந்து செல்லுதலில் உள்ளன.

2020 நாட்காட்டி: தையல் மறைந்த படம்

இதனோடு ஒப்பிடத்தக்கது, சென்னையில் இயங்கும் ‘நாம்’ அறக்கட்டளைக்காக நிழற்படக் கலைஞர் ஜி. வெங்கட் ராம் உருவாக்கிய 2020ஆம் ஆண்டு நாட்காட்டி. சுஹாசினி மணிரத்னம் தொடங்கிய அவ்வறக்கட்டளைக்கெனத் திரை நடிகையர் பலர் ரவி வர்மாவின் ஓவியப் பெண்டிராக வேடமேற்றனர். ஒளியமைப்பு, ஆடை, அணி, உடல்நிலை ஆகியவற்றில் மூலத்தோடு நெருங்கிய ஒப்புமை பேணப்பட்டது. ரவி வர்மாவின் அச்சுப்படங்கள் இந்திய நாட்காட்டிக் கலைக்கு வழிவகுத்தவை என்பதை எண்ணினால், அவருடைய உருவங்கள் நாட்காட்டிக்கே திரும்பிவந்தமை பொருத்தமே.

இப்படங்களின் கைத்திறன் மறுக்கத்தக்கதன்று. நல்நோக்கத்துக்குப் பொருள் திரட்டிய முயற்சி என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. எனினும், மூலத்தையும் படத்தையும் அருகருகே வைத்து எவ்வளவு ஒத்திருக்கிறது என அளக்கும் பார்வையையே அவை வேண்டுகின்றன. தையல் மறைந்திருப்பதே இங்கே வெற்றி. நடிகையின் புகழ் பாவையை மினுக்குகிறது; பாவை நடிகையின் முகத்துக்கு ஒரு தொன்மையை அளிக்கிறது. ஒன்று மற்றொன்றை வினவுவதில்லை. செட்டிநாட்டு இல்லத்தின் சரிகை ஒட்டிய அச்சுப்படத்துக்கு இந்நாட்காட்டியே நெருங்கிய உறவு எனலாம். இரண்டும் பாவையை அன்போடு உடுத்துகின்றன. அச்சுப்படத்தில் துணி ஒட்டிய கை தெரிந்தது. நாட்காட்டியில் அதுவும் மறைந்தது.

இவ்வொப்பீட்டின் பயன் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதன்று. போற்றுதலிலும் இருவகை உண்டு என்பது இதனால் தெளிவாகிறது. ஒருவகை மூலத்தின் மாயத்தைக் காக்கிறது. மற்றொரு வகை அம்மாயம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துப் போற்றுகிறது. திறனாய்வுக்குக் கூடுதலாகப் பொருள் தருவது பின்னதே.

விளையாட வாய்ப்பில்லாதவர்

எனினும், புஷ்பமாலாவின் முயற்சியிலும் விடையின்றி எஞ்சும் வினா ஒன்று உண்டு. அது தோடர் பெண்ணைப் பற்றியது. ரவி வர்மாவின் திருமகளாக வேடமேற்பதும், உடலளவைப் படத்தின் பழங்குடிப் பெண்ணாக வேடமேற்பதும் ஒரே செயலாகுமா?

1869இல் லாம்ப்ரே என்பார் உடலளவைப் படங்களுக்கென ஒரு முறையை முன்மொழிந்தார். மரச்சட்டத்தில் நூலிழைகளால் இரண்டு அங்குலக் கட்டங்களை அமைத்து, அதன்முன் மனிதரை நிறுத்திப் படமெடுப்பது அம்முறை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன் அளவைக் கருவிகளோடு தென்னிந்தியச் சமூகங்களை ஆராய்ந்தார். கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ மக்களை அகரவரிசையில் அடுக்குகிறது. அவ்வடுக்கில் ‘மலையாளி’ என்பதும் ஒரு தலைப்பு. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையில் பெருமளவில் வாழ்வோர் இப்பெயர் பெற்ற பழங்குடியினரே. வடஆர்க்காட்டு மலையாளிகள் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றவர்கள்.

ரவி வர்மாவின் பெண்ணுக்குப் பின்னாளில் பல உயிர்கள் கிடைத்தன. அச்சானாள், கொலுவேறினாள், நாட்காட்டியில் நடிகையானாள், புஷ்பமாலாவின் கேலியிலும் பங்குபெற்றாள். கட்டங்களின்முன் நிறுத்தப்பட்ட மலைவாழ் பெண்ணுக்கோ அத்தகைய மறுபிறப்பு எளிதில் வாய்க்கவில்லை. அவளை எவரும் பொம்மையாக்கிக் கொஞ்சவில்லை. அவளாக நடித்து மகிழவுமில்லை. புஷ்பமாலா அவளிடத்தில் நின்று அளவையாளரைக் கேலி செய்கிறார். கேலி உரிய இடத்தில்தான் பாய்கிறது. ஆயினும், கட்டத்திரையின் முன்னிருந்து எழுந்து செல்லும் உரிமை கலைஞருக்கு இருந்தது. மூலப்படத்தில் நின்றவருக்கு இருந்ததா என்பது ஐயமே. அவர் சார்பில் ஒருவர் விளையாடுவதும், அவரே விளையாடுவதும் ஒன்றாகா.

உருவத்தையும் பெயரையும் பிரிக்காத ஒரு மரபு ஜவ்வாது மலையைச் சூழ்ந்த நிலத்திலேயே உண்டு. மலையடிவாரத்தை அடுத்த செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. அக்கற்களில் வீரனின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசனின் ஆட்சியாண்டும், வீரனின் பெயரும், அவன் எவ்வாறு இறந்தான் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆநிரை மீட்கச் சென்று மாண்ட ஒருவனின் பெயரை அந்நிலத்தின் கல் காத்துவைத்திருக்கிறது. உடலளவைப் படமோ நின்றவரின் பெயரை விட்டு, இனத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும் இயல்புடையது.

இவ்வேறுபாடு கடந்த காலத்தோடு முடிந்ததன்று. தமிழ்த்துறைகளிலிருந்தும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளிலிருந்தும் களஆய்வுக்காக மலைக்குச் செல்வோர் இன்றும் படங்களோடு திரும்புகின்றனர். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ‘மலையாளிப் பெண்’ என ஒரு படம் இடம்பெறும்போது, அது எந்த மரபைத் தொடர்கிறது என்பதை ஆய்வாளர் தம்மையே வினவிக்கொள்ள வேண்டும். அப்பெண் எவ்விடத்தில், எவ்வுடையில், எவ்வாறு நிற்பது எனத் தீர்மானித்தவர் யார்? படத்தை அவர் பார்த்தாரா? வேறொரு படம் எடுக்கச் சொல்ல அவருக்கு வாய்ப்பிருந்ததா? அவர் விரும்பினால் பெயர் பொறிக்கப்பட்டதா, விரும்பாதபோது மறைக்கப்பட்டதா? கட்டத்திரை அகன்றுவிட்டது என்பதாலேயே கட்டங்கள் அகன்றுவிட்டதாகக் கொள்ள இயலாது.

முடிவுரை

பெரும் ஓவியரைப் பொம்மையாலும் வேடத்தாலும் விளையாடிப் போற்றும் நிழற்படங்களைப் போற்றுதல், பகடி என்னும் இரண்டு பெட்டிகளுள் அடைப்பது போதாது. சிறிதாக்கிப் போற்றுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று என்பதைப் பிள்ளைத்தமிழும், உடுத்தி விளையாடுதல் ரவி வர்மாவின் படங்களுக்குத் தொடக்கம் முதலே நேர்ந்தது என்பதைச் சரிகை ஒட்டிய அச்சுப்படங்களும் காட்டின. 2020 நாட்காட்டி அவ்வுடுத்தலை நேர்த்தியாகத் தொடர்ந்தது. புஷ்பமாலாவும் கிளேர் ஆர்னியும் உடுத்தலின் தையலை வெளிப்படுத்தி, பாவையையும் ஆட்டுபவரையும் ஒருவராக்கினர். அதனாலேயே அவர்களின் விளையாட்டு ஓவியரை நெருங்கிக் காணவும், அவரோடு ஒரே காலத்தில் இயங்கிய அளவையாளரை அடையாளங்காணவும் உதவியது.

அவ்விளையாட்டின் எல்லையும் அங்கேயே தெரிந்தது. பாவையாக நின்று பின் எழுந்து செல்லும் உரிமை எல்லாருக்கும் ஒருபடித்தாக வாய்ப்பதில்லை. கடற்கரைச் சிறுமி தன் வண்டற்பாவைக்காகக் கடலோடு சினந்தாள். அப்பாவை அவள் கையால் செய்தது. சினக்கும் உரிமையும் அவளுடையது. மலையில் எடுக்கப்படும் அடுத்த நிழற்படம் அதில் நிற்பவருக்கும் அவ்வுரிமையை அளிக்குமா என்பது, கருவியை ஏந்திச் செல்லும் ஆய்வாளர்முன் உள்ள வினா.